இரட்சணிய யாத்திரிகமும் வாழ்வின் உறுதிப்பொருளும்

இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி எழுதினோருட் பலர், அதன் ஆசிரியராகிய எச். ஏ. கிருட்டிணபிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றி அவ்வளவில் அமைந்துவிட்டனர். அப்புகழ்மொழி பொய்யன்று. கம்பனை இளமையிலேயே தந்தையாரிடத்துப் பயின்ற புலவர் அவர். கம்பனது சந்தமும் சொல்லாட்சியும் உவமை நெறியும் அவர்தம் விருத்தங்களில் எங்கும் ஒலிக்கின்றன. எனினும் அப்புகழ்மொழி நூலுக்கு நன்மை செய்ததினும் தீங்கு செய்தது மிகுதி என்று கூறத் தோன்றுகிறது. கம்பனை எதிரொலிக்கும் இடங்களைத் தேடித் தொகுப்பதே இந்நூலாராய்ச்சி என்னும் எண்ணம் மாணாக்கரிடையே வேரூன்றிவிட்டது. எதற்காக அந்த ஒலியைப் புலவர் நாடினார், எந்த வினாவுக்கு விடை காண மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களைப் பாடினார் என்று கேட்பார் அரியர்.

வினா மிகப் பழையது. மனிதன் எதற்காக உயிர் வாழ்கிறான்? தமிழிலக்கணம் இதற்கு விடையின்றி இல்லை. நூலால் எய்தும் பயன் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கே என்று நன்னூலார் வரையறுத்தார். பெருங்காப்பியம் அந்நான்கையும் பயக்க வேண்டும், ஒப்பற்ற தலைவனைப் பெற்றிருக்க வேண்டும் என்று தண்டியலங்காரம் கூறும். ஆனால் அந்நான்கனுள் வீட்டைப் பற்றி நம் புலவர் எப்போதும் தயங்கியே பேசினர். திருவள்ளுவர் முப்பால் வகுத்து நிறுத்தினார். வீடு சிந்தைக்கும் மொழிக்கும் எட்டாதது; ஆதலின் அதனை நேரே இலக்கணப்படுத்திக் கூறல் இயலாது; துறவு என்னும் காரணத்தின் வழியாகவே கூறலாகும் என்பது பரிமேலழகர் தரும் அமைதி. இக்கருத்தை மனத்திற் கொண்டு இரட்சணிய யாத்திரிகத்தைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். வீட்டைப் பயனாகக் கூறும் நூல்கள் பல உள. வீட்டை நோக்கி ஒருவன் நடக்கும் நடையையே கதையாக உடைய காப்பியம், நாமறிந்த வரையில், தமிழில் இதற்குமுன் இல்லை. அறம் பொருள் இன்பங்களை முடித்துவிட்டு இறுதியில் வீட்டை நாடுவது நம் காப்பியத் தலைவர் இயல்பு. இங்கோ முதற் பருவத்திலேயே வீடொன்றே வினாவாகி நிற்கிறது. ஏனைய மூன்றும் அவ்வினாவின் முன் நிறுத்தி ஆராயப்படுகின்றன.

கதை புலவருடையது அன்று என்பது யாவரும் அறிந்ததே. ஆங்கில நாட்டில் பெட்பர்டு நகரை அடுத்த எல்சுடோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்த ஜான் பனியன் ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. திருச்சபையின் இசைவின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தார். கண்ணிழந்த மகளை விட்டுச் சிறை புகுந்த துயரத்தைத் தன் வரலாற்றிலே தசையை எலும்பினின்றும் பிய்ப்பதற்கு ஒப்பிட்டு எழுதியுள்ளார். அவரது யாத்திரை நூலின் முதற் பாகம் 1678இல் வெளிவந்தது. யாத்திரிகனுடைய மனைவி மக்களின் பயணத்தைக் கூறும் இரண்டாம் பாகம் 1684இல் வெளிவந்தது. முதற் பாகமே நம் காப்பியத்துக்கு மூலம். முதுகில் சுமை தாங்கிய ஒருவன், கையில் ஒரு நூலுடன், தான் வாழும் நகரம் அழியப்போவதை உணர்ந்து அலறுகிறான். வழிகாட்டி ஒருவன் இடுக்கமான வாயிலைச் சுட்டுகிறான். மனைவி மக்கள் கூவி அழைக்கவும், காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். அவநம்பிக்கைச் சேற்றில் அழுந்தி எழுகிறான். உலகியலறிஞன் ஒருவனால் வழி தவறுகிறான். பின்னர் வாயிலைக் கடந்து, சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்று, மலையும் பள்ளத்தாக்கும் சந்தையும் கோட்டைச் சிறையும் கடந்து, பாலமில்லாத ஓர் ஆற்றைத் தாண்டி வானகரம் புகுகிறான். 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் உரைநடையாகவும் இக்கதை தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகிறது.

கிருட்டிணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். 1853இல் சாயர்புரத்திலே தமிழாசிரியராக அமர்ந்தார். 1858இல் சென்னை மயிலாப்பூரிலே திருமுழுக்குப் பெற்றார். காப்பியம், நற்போதகம் என்னும் இதழில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வெளியாகி, 1894இல் நூலுருப் பெற்றது. திருமுழுக்குக்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் உள. இக்கணக்கைத் திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. புதிதாகச் சமயம் தழுவியவன் முதல் எழுச்சியில் பாடிய பாட்டன்று இது. நம்பிக்கை கொண்ட பின்னர் முப்பத்தாறு ஆண்டு நடந்த ஒரு முதியவர் அறுபத்தேழாம் வயதில் அச்சேற்றிய நூல். இது கருத்திற் கொள்ளத்தக்கது. ஏனெனில் நூலின் உயிர்நிலை வினா அந்த நடையைப் பற்றியதே.

முதுகலை வகுப்பொன்றிலே இக்கதையைச் சுருக்கிக் கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "சிலுவையைக் கண்டவுடன் சுமை விழுந்துவிட்டதே, அதன் பின்னும் அவன் ஏன் நடக்க வேண்டும்?" என்று வினவினார். வகுப்பில் எழுந்த சிரிப்பு சிறிது நேரத்தில் அடங்கிற்று. வினா எளிதன்று. பனியன் நூலில் சுமை விழும் இடம் நூலின் முற்பகுதியிலேயே வருகிறது. விடுதலை கிடைத்துவிட்டது, மன்னிப்பு மொழியப்பட்டுவிட்டது, புத்தாடை அணிவிக்கப்பட்டுவிட்டது, நெற்றியில் குறியும் கையில் முத்திரைச் சுருளும் தரப்பட்டுவிட்டன. ஆயினும் வழி மிகுந்திருக்கிறது. துன்பங்களிற் பெரும்பாலானவை இனிமேற்றான் வருகின்றன. வாழ்வின் பயன் வீட்டை அடைதல் என்றால், அடைந்தவனுக்கு எஞ்சிய வாழ்வு எதற்கு? அடையவில்லை என்றால், சிலுவையடியில் நிகழ்ந்தது யாது?

பனியன் சார்ந்திருந்த பியூரிட்டன் மரபில் இதற்கு விடை உண்டு. மீட்பு இறைவன் கொடை; நடை அக்கொடை மெய்யானது என்பதற்குச் சான்று. ஆதலால் யாத்திரிகன் தன் சான்றைத் தானே ஐயுற்று ஐயுற்று நடக்கிறான். மலைச்சாரற் பந்தரில் உறங்கிச் சுருளை இழக்கிறான். திரும்பி ஓடித் தேடி எடுக்கிறான். அவ்வச்சமே கதையை முன்செலுத்தும் ஆற்றல். கதையின் கடைசிக் காட்சி யாத்திரிகனுடைய மகிழ்ச்சியோடு முடியாமல், வானகரத்தின் வாயில்வரை வந்த அறியாமை என்பான் நரகத்திற்குத் தள்ளப்படுவதோடு முடிவதும் அவ்வச்சத்தாலேயே. பனியன் உண்மையை மறைக்காதவர்; ஆயினும் அந்த உண்மை குளிர்ந்தது.

கிருட்டிணபிள்ளையின் விடை வேறு. வைணவராய் வளர்ந்தவர் காதிலே யாத்திரை என்னும் சொல் பனியனை அறிவதற்கு முன்பே ஒரு பொருளைத் தந்திருக்கும். உடலை விட்ட உயிர் ஒளிநெறியிற் சென்று, விரசை என்னும் ஆற்றைக் கடந்து, வைகுந்தம் புகும் செலவை வைணவர் அர்ச்சிராதி என்பர். நம்மாழ்வார் பத்தாம் பத்தின் ஒன்பதாந் திருவாய்மொழியில் அதனைப் பாடினார். பிள்ளை லோகாசாரியர் அப்பெயராலேயே ஒரு நூல் செய்தார். நகர வாயிலுக்கு முன் ஓர் ஆறு, எதிர்கொண்டு வரவேற்கும் வானோர், புத்துருவம் என்னும் இவை இரண்டு மரபுக்கும் பொது. ஒப்புமை காண்போர் இங்கே மகிழ்ந்து நின்றுவிடுவர்; வேற்றுமையே நமக்கு வேண்டுவது. அர்ச்சிராதி நெறியில் பயணம் இறந்த பின்னர்த் தொடங்குகிறது. பனியன் கதையில் இறப்பாகிய ஆறு பயணத்தின் முடிவு. வாழ்வு முழுதுமே பயணம். அங்கே செல்வது உயிர். இங்கே நடப்பது புழுதி படிந்த காலுடைய மனிதன். கிருட்டிணபிள்ளை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். சமய மாற்றம் என்று நாம் பொதுவாகக் கூறும் நிகழ்ச்சியினுள் இலக்கியத்துக்கு உரிய மாற்றம் இதுவே எனலாம். வீட்டுநெறி சாவுக்கு அப்பாலிருந்து சாவுக்கு இப்பால் கொண்டுவரப்பட்டது.

ஆனால் அவர் தாம் வளர்ந்த மரபை உதறிவிடவும் இல்லை. சரணடைந்தவன் உடல் நீங்கும் வரையில் இவ்வுலகில் என்ன செய்து கொண்டிருப்பான் என்னும் வினாவை வைணவ ஆசிரியர்கள் நன்கறிவர். பயன் கருதாத தொண்டே, கைங்கரியமே, அவன் வாழ்வு என்பது அவர்கள் விடை. அவ்விடையின் சாயல் இக்காப்பியத்தில் படிந்துள்ளது என்பது எம் கருத்து. பனியனின் யாத்திரிகன் தன் சான்றை ஆராய்ந்துகொண்டு நடக்கிறான் என்றால், நம் யாத்திரிகன் நன்றி மிக்குப் பாடிக்கொண்டு நடக்கிறான். காப்பியத்தினிடையே அமைந்த தேவாரப் பதிகங்களை நோக்குக. அவை கதைக்கு அணியாக ஒட்டப்பட்டவை என்று கருதுவோர் உளர். கதைப்போக்கிலே அவற்றால் ஒரு நிகழ்ச்சியும் நேர்வதில்லை என்பது மெய்யே. ஆயினும், எஞ்சிய வழி எதற்கு என்னும் வினாவுக்கு அப்பதிகங்களே விடையாக நிற்கின்றன. வைணவராய்ப் பிறந்தவர் தம் கிறித்தவப் பாக்களுக்குச் சைவர் வழங்கும் தேவாரம் என்னும் பெயரை இட்டார் என்பதும் இடையே எண்ணி இன்புறத்தக்கது. ஊர் ஊராகச் சென்று பாடிய அடியார்களின் பாட்டுக்கு உரிய பெயர் அது. வழிநடைப் பாட்டுக்குப் பொருந்திய பெயரே.

இனி, மூலத்திலிருந்து புலவர் விலகிய தலையாய இடத்திற்கு வருவோம். பனியன் நூலில் கிறித்துவின் பாடுகள் கதையாகக் கூறப்படவில்லை. யாத்திரிகன் ஒரு மேட்டை அடைகிறான். ஒரு சிலுவை நிற்கிறது. சுமை தானே நழுவி உருண்டு கீழேயுள்ள கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. சில வரிகளில் முடிந்த செய்தி. விவிலியத்தைத் தாய்ப்பாலோடு பருகிய ஆங்கிலப் படிப்பாளிக்கு அவ்வளவே போதும். தமிழ்ப் படிப்பாளிக்குப் போதாது என்று கண்டு கிருட்டிணபிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்தார். கிறித்துபெருமான் பிணிக்கப்பட்டு மன்றிலே நிறுத்தப்பட்டதும், எள்ளப்பட்டதும், வாய் திறவாது பொறுத்ததும் அங்கே விரிகின்றன. கதை தெரியாதவர்க்கு அறிவிக்கும் பொருட்டு இது சேர்க்கப்பட்டது என்று மட்டும் கூறுவது மேற்போக்கான விளக்கம். காப்பிய இலக்கணம் ஒப்பற்ற தலைவனை வேண்டுகிறது. முதுகிலே சுமையும் மேனியிலே கந்தையும் உடைய யாத்திரிகன் அத்தலைவன் ஆகான். வழியில் உறங்குகிறவன், சேற்றில் விழுகிறவன், பிறர் சொல்லுக்கு மயங்குகிறவன் அவன். புலவர் அவனை உயர்த்த முயலவில்லை. காப்பியத்தின் தலைவனை வேறிடத்தில் வைத்தார். ஐந்து பருவங்களுள் ஒன்று குமாரன் பெயராலேயே அமைந்தது தற்செயல் அன்று. யாத்திரிகன் கதையை நடத்துவோன். குமாரன் காப்பியத்தின் தலைவன்.

இவ்வமைப்பினால் வாழ்வின் பயன் என்னும் பொருளே மாறிவிடுகிறது. ஓர் இடத்தை அடைதல் பயன் என்பது போய், ஒருவரைச் சேர்தல் பயன் என்றாகிறது. நகரத்தின் அழகு கருதி நடந்தவன் ஒருவரது அன்பு கருதி நடக்கத் தொடங்குகிறான். சரிதப் படலத்திலே ஒரு பாட்டின் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. பகைவர் பெருமானைக் கட்டினர். அதனைக் கயிறு என்று எண்ண வேண்டா. தம்மைப் பகைத்த மக்களையே எண்ணி உருகிய அன்புதான் அவரைப் பிணித்து நிறுத்திற்று என்பது அப்பாட்டின் பொருள். பாசம் என்னும் சொல் கயிற்றையும் குறிக்கும், பற்றையும் குறிக்கும், சைவ நூல்களில் உயிரைப் பிணித்த தளையையும் குறிக்கும். அம்மூன்று பொருளும் தெரிந்த செவிக்கே அப்பாட்டு முழுமையாக ஒலிக்கும். யாத்திரிகன் முதுகில் ஒரு கட்டு. குமாரன் கைகளில் ஒரு கட்டு. முதலாவது அவிழ்வதற்கு இரண்டாவது காரணம். பனியன் நூலில் சுமை ஏன் விழுந்தது என்பதற்குக் காரணம் கோட்பாடாக நிற்கிறது; தமிழில் அது காட்சியாக நிற்கிறது.

கம்பனை நன்கு பயின்றோர் இவ்விடத்தில் சுந்தரகாண்டத்துப் பாசப் படலத்தை நினைவு கூர்வர். இந்திரசித்து விடுத்த அயன்படைக்கு அடங்கி அனுமன் தானே கட்டுண்டான். அறுத்தெறியும் ஆற்றல் இருந்தும் படைக்குரிய கடவுளை மதித்து அமைந்தான். கிருட்டிணபிள்ளையும் அதனை நினைந்திருத்தல் கூடும். அங்ஙனமாயின் அவர் அதனை எடுத்தாண்ட திறம் வெறும் எதிரொலி அன்று. அனுமன் கட்டுண்டது ஒரு பெருமையை மதித்து. இங்குக் கட்டுண்டது கட்டியவரையே இரங்கி. பழைய நிகழ்ச்சியின் வடிவு அமைய, உள்ளே பொருள் புரண்டு கிடக்கிறது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் இத்தகைய இடங்களைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மை ஆகாது. பனியனின் பாத்திரங்கள் சந்தையிலும் சாராயக் கடையிலும் கேட்ட பேச்சைப் பேசுகின்றன. ஐயக்கோட்டையில் வாழும் அவநம்பிக்கை அரக்கன் இரவில் படுக்கையில் மனைவியோடு கலந்து பேசி, கைதிகளை மறுநாள் எங்ஙனம் வதைப்பது என்று அறிவுரை கேட்கிறான். நல்ல வெயிற் காலத்தில் அவனுக்கு வலிப்பு வந்து கைகால் விளங்காமற் போகும்! இத்தகைய இல்லற நகைச்சுவை விருத்தப்பாவின் பெருமித நடைக்கு ஒத்துவருவதன்று. விருத்தத்தில் அரக்கனும் அடியவனும் ஒரே குரலில் பேசுகின்றனர். இது கிருட்டிணபிள்ளையின் குறை மட்டுமன்று. அவர் கையேற்ற யாப்பின் குறை. ஆயினும் அவர் அறிந்தே செலுத்திய விலை அது.

சந்தைக் காட்சியில் வேறொரு சிக்கல் எழுகிறது. மதுரைக்காஞ்சி முதலாகச் சிலப்பதிகாரம் ஈறாகத் தமிழ்ப் புலவர்க்கு அங்காடி என்பது வளத்தின் அடையாளம். பண்டங்களை எண்ணி அடுக்கும்போதே புலவன் உள்ளம் களிக்கும். பனியனுக்கோ மாயச்சந்தை உலகத்தின் மேல் எழுதிய தீர்ப்பு. வீடும் நிலமும் பட்டமும் மனைவியும் மக்களும் உயிரும் அங்கே விலை கூறப்படுகின்றன. பழித்தற்குரியதைப் பழிக்கப் புகுந்த தமிழ்ப்புலவன் கையில், நாடும் நகரும் பாடிப் பழகிய எழுத்தாணி தானே களிப்பை எழுதிவிடும். இச்சிக்கலைப் புலவர் முற்ற வென்றார் என்று கூற எம்மால் இயலவில்லை. ஆனால் அச்சந்தையில் நிகழும் கொலையில் அவர் தவறவில்லை. உடன் நடந்த நிதானி அங்கே பொய்வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டு இறக்கிறான். மூன்றாம் பருவமே அவன் பெயர் தொடர்புற நிதான பருவம் எனப்படுகிறது. நெடுவழி நடந்து முடிக்காதவன் முதலில் நகரம் புகுகிறான். அவன் சாவைக் கண்ட நகரத்தான் ஒருவன் நம்பிக்கை என்னும் பெயருடன் யாத்திரிகனுக்குத் துணையாகப் புறப்படுகிறான். நடந்த தொலைவு வாழ்வின் பயனுக்கு அளவுகோல் அன்று என்பதைக் கோட்பாட்டுரை எதுவுமின்றிக் கதையே காட்டிவிடுகிறது.

இவ்விடத்தில் நம்பிக்கையிலக்கியத்தின் மேல் பொதுவாகச் சாற்றப்படும் ஒரு குற்றத்தை ஆராய்தல் தகும். சமயநூல் வினாவை எழுப்பும்போதே விடையைக் கையில் வைத்திருக்கிறது. ஆதலால் அதில் மெய்யான போராட்டம் இல்லை என்பர். பல நூல்களுக்கு இக்குற்றம் பொருந்தும். இக்கதைக்குப் பொருந்தாது, காரணம் ஐயக்கோட்டை. யாத்திரிகன் சிலுவையைக் கண்டுவிட்டான். பகைவனாகிய அப்பொல்லியோனோடு பொருது வென்றுவிட்டான். சாநிழற் பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டான். நிதானியின் உயிர்க்கொடைக்குச் சான்றாக நின்றான். இவற்றிற்கெல்லாம் பின்னர், சற்று மெத்தென்றிருந்த வேறுவழியில் கால் வைத்த குற்றத்திற்காக, இருட்டறையில் கிடக்கிறான். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவில்லை, நீரில்லை, விளக்கில்லை. கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு உயிரை முடித்துக்கொள்க என்று அரக்கன் அறிவுரை பகர்கிறான். யாத்திரிகன் அதற்கு இணங்கும் எல்லை வரையில் செல்கிறான். உடனிருப்பவன் பேசித் தடுக்கிறான். வாழ்வின் பயனைக் கண்டறிந்த பின்னரும் அதனை இழக்கக்கூடும், இறந்துபடுவதே நன்று என்று தோன்றக்கூடும் என்று ஒரு சமயநூல் ஒப்புக்கொள்வது எளிய செய்தியன்று. விடுதலை வரும் வகையும் நோக்கத்தக்கது. வானவர் எவரும் இறங்கி வரவில்லை. வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தொடக்க முதலே தன் மடியில் இருந்ததை யாத்திரிகன் விடியலுக்குச் சற்று முன் நினைவுகூர்கிறான். புதிதாக ஒன்றும் தரப்படவில்லை. மறந்தது நினைவுக்கு வந்தது, அவ்வளவே.

ஆற்றங்கரையிலும் இதே நிலைதான். ஆற்றின் ஆழம் கடப்பவனுடைய நம்பிக்கையைப் பொறுத்து மிகும், குறையும். முன்னே நடந்தவனும் மூத்தவனுமாகிய யாத்திரிகன் அமிழ்கிறான். பின்னே வந்த இளையவன் அவன் தலையைத் தாங்கி நிலம் தட்டுகிறது என்று தேற்றுகிறான். தனியொருவனாக, காதடைத்து ஓடித் தொடங்கிய பயணம் தோழன் ஒருவன் கைத்தாங்கலில் முடிகிறது. மனைவி மக்களை விட்டு ஓடிய தொடக்கம் தமிழ் உள்ளத்தை உறுத்துவது உண்மை. பனியனையும் அது உறுத்திற்று என்பதற்கு 1684ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகமே சான்று. கிருட்டிணபிள்ளை அப்பாகத்தைத் தம் காப்பியத்திற்கு மூலமாகக் கொள்ளாமை ஒரு குறையென்றே கருதுகிறோம். துறவுக்குப் பட்டினத்தாரைச் சான்று காட்டி அமைதி கூறலாம். ஆனால் இல்லறத்தினுள்ளேயே வீடுபேற்றைக் காட்டிய மற்றொரு கிறித்தவப் பெருங்காப்பியம் தமிழில் முன்னமே இருந்தது. 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியில் வளன் தனக்கென யாத்திரை செய்பவன் அல்லன். குழந்தையைக் காக்கும் பொருட்டு எகிப்து செல்பவன். அங்கே 'ஈரறம் பொருத்து படலம்' என்றே ஒரு படலம் உண்டு. வாழ்வின் பயன் தன் சுமை நீங்குவதிலா, பிறர் சுமையைத் தாங்குவதிலா என்று இரு நூல்களையும் ஒருசேர வைத்து ஆராய்வது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே குறிப்பதோடு அமைகிறோம்.

ஆற்றுப்படை மரபோடு இந்நூலை இணைத்துக் காண்போர் கூற்றைப் பற்றியும் ஒரு சொல். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை பரிசிலை அருளாக மாற்றிற்று. ஆயினும் ஆற்றுப்படையில் வழி கூறுவோன் சென்று பெற்று மீண்டவன். கையிலுள்ள பொன்னையும் யானையையும் காட்டி, போய்ப் பெறுக என்பான். யாத்திரைக் கதையிலே வானகரம் சென்று மீண்டவர் எவரும் இலர். வழிகாட்டி தூரத்து ஒளியைச் சுட்டி, அது தெரிகிறதா என்று கேட்கிறான். யாத்திரிகன், தெரிவது போல் இருக்கிறது என்கிறான். அந்தப் 'போல்' என்னும் சொல்லில்தான் இவ்விலக்கியத்தின் நேர்மை அடங்கியிருக்கிறது. இவ்வேறுபாட்டை மறந்து இந்நூலைக் கிறித்தவ ஆற்றுப்படை என்பது பொருந்தாது. வேண்டுமாயின், ஆற்றுப்படைக்கு உரிய பரிசில் பெற்றவனை இக்காப்பியத்தின் ஆசிரியரிடத்திலேயே காணலாம்; அவரும் சிலுவையடி வரையில் நடந்தவரேயன்றி ஆறு கடந்தவர் அல்லர். 1894இல் நூலை வெளியிட்டு, ஆறாண்டு கழித்து 1900இல் அவ்வாற்றைக் கடந்தார்.

நற்போதகத்தில் வெளிவந்த பகுதிகளையும் 1894ஆம் ஆண்டுப் பதிப்பையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தல், எந்தப் பதிகம் எந்நிலையில் கதையினுள் சேர்க்கப்பட்டது என்று வரையறுத்தல் ஆகியவை இளைய ஆராய்ச்சியாளர் மேற்கொள்ள வேண்டிய பணி. எம் கருத்து அதனால் உறுதிப்படினும் மாறுபடினும் ஏற்றற்குரியதே. அப்பதிகங்கள் மட்டும் காப்பியத்திலிருந்து பிரிந்து தனி வாழ்வு பெற்றுவிட்டன. நெல்லைச் சீமைத் திருக்கோயில்களில் இன்றும் அவர் பாக்களை மக்கள் ஞாயிறுதோறும் நின்று பாடுகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் காப்பியத்தைக் கண்ணாலும் கண்டிலர். எந்த வழியில் எந்தச் சுமை இறங்கிய பின்னர் அப்பாட்டு எழுந்தது என்று அறியார். ஆயினும் இராகம் தவறாமல் பாடுகின்றனர்.